மணப்பாட்டுக்கு ஒரு நாள்: தனியாகப் பேருந்தில் போய்க் கடற்கரையில் நடந்து வருவது எப்படி

தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் தனியாகப் போய் இறங்குங்கள். தேநீர் வருவதற்கு முன்னால் கேள்வி வந்துவிடும்: "யாரு வீட்டுக்கு வந்திருக்கீய?" கேட்பவருக்கு உங்கள் மேல் சந்தேகம் ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு ஒருத்தி எதற்காக வர வேண்டும் என்பது உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "சும்மா நடக்க வந்தேன்" என்று முதல் தடவை சொன்னேன். அந்த அக்கா என் காலைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அப்புறம் "வீட்ல ஏதும் சண்டையா?" என்றார்.

இப்போதெல்லாம் "கோயிலுக்கு வந்தேன், அப்படியே கடலையும் பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் அது பொய்யும் ஆகாது. வடக்கே திருச்செந்தூர் முருகன், அடுத்து குலசை என்கிற குலசேகரப்பட்டினத்தில் முத்தாரம்மன், மணப்பாட்டில் திருச்சிலுவை ஆலயம், தெற்கே உவரியில் அந்தோணியாரும் சுயம்புலிங்க சுவாமியும். எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு கோயில் இருக்கிறது.

தனியாக ஒரு நாள் வெளியே போக ஆசை, ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்செந்தூரிலிருந்து தெற்கே மணப்பாடு வரை, நேரம் இருந்தால் உவரி வரை போகலாம். கார் வேண்டாம், அறை எடுத்துத் தங்க வேண்டாம். மொத்த நடை ஆறேழு கிலோமீட்டரைத் தாண்டாது.

எந்த மாதம், எந்த நாள்

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி முடியும்வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் தன் குணத்தைக் காட்டியிருக்காது. பங்குனி, சித்திரையில் போகலாம். ஆனால் காலை ஒன்பதரைக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றில் ஒரு முறை நடந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தலைமுடியிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். புயல் சின்னம் ஏதாவது வங்கக் கடலில் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

அப்புறம் விழா நாட்கள். குலசையில் தசரா என்றால் நவராத்திரி பத்து நாளும் காளி வேடமும் குரங்கு வேடமுமாக மாவட்டமே அங்கே திரளும். திருச்செந்தூரில் கந்த சஷ்டி, தைப்பூசம், பங்குனி உத்திரம். மணப்பாட்டில் செப்டம்பர் 1 முதல் 14 வரை திருச்சிலுவைத் திருவிழா. பார்க்க வேண்டிய கூட்டம்தான், ஆனால் தனி நடைக்கு ஆகாது. பேருந்துகள் தடம் மாறும், ஊருக்கு வெளியே தற்காலிக நிலையம் போட்டிருப்பார்கள், புதிதாக வந்தவர் திணறிப் போவார். முதல் முறை போகிறவர்கள் சாதாரண செவ்வாய், புதன்கிழமையில் போங்கள். ஞாயிறு காலை மணப்பாட்டில் பூசை நேரம். நடைக்குத் தடையில்லை, ஆலயத்துக்குள் சுற்றிப் பார்க்கத்தான் முடியாது.

பையில் என்ன

தண்ணீர் இரண்டு லிட்டர். "அங்கே வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள்; ஊருக்குள் கடை உண்டு, கடற்கரையில் கிடையாது. தொப்பியை விடக் குடை நல்லது, ஆனால் காற்றில் மடங்காத கருப்புக் குடையாக இருக்கட்டும். வாரில்லாத செருப்பு வேண்டாம். ஈர மணலில் வெறுங்கால் சுகம்தான். ஆனால் இது வலை காய வைக்கும் கரை. அறுந்த வலை நரம்பும், தூண்டில் முள்ளும், உடைந்த சிப்பியும் கிடக்கும். பின்னால் வார் வைத்த பழைய செருப்பு ஒன்று போதும், புதுச் சப்பாத்தை உப்புத் தண்ணீரில் கெடுக்காதீர்கள்.

சில்லறையாக ஒரு இருநூறு ரூபாய், பத்தும் இருபதுமாக. கைப்பேசியில் பணம் அனுப்புவதை மட்டும் நம்பிப் போனால் காலை முதல் பேருந்தில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி நடத்துநரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். ஒரு துண்டு, ஒரு பிளாஸ்டிக் பை (ஈரத்துணிக்கும் குப்பைக்கும்), இரண்டு வாழைப்பழம். அவ்வளவுதான். பை கனத்தால் நடை கெடும்.

பேருந்து: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, போகும் பேருந்தை மட்டும் விசாரிப்பது. முதலில் கேட்க வேண்டியது திரும்பி வரும் பேருந்தை. "மணப்பாட்டிலிருந்து திருச்செந்தூருக்கு மத்தியானம் எத்தனை மணிக்கு வண்டி இருக்கு? அதை விட்டா அடுத்தது எப்போ?" இந்த இரண்டு கேள்வியையும் ஏறியவுடன் நடத்துநரிடம் கேட்டு, பதிலைப் பயணச்சீட்டின் பின்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: பன்னிரண்டு மணி வண்டி என்றால் பதினொன்றரைக்கு நிறுத்தத்தில் இருக்க வேண்டும், பத்தரைக்குக் கடற்கரையை விட்டு ஏற வேண்டும், ஒன்பது மணிக்கு நடையில் பாதியில் திரும்ப வேண்டும். நாள் முழுவதும் அந்த ஒன்பது மணிதான் உங்களுக்குக் கணக்கு.

திருச்செந்தூர் வருவது சுலபம். திருநெல்வேலியிலிருந்து சுமார் 60 கி.மீ., தூத்துக்குடியிலிருந்து 40. இரண்டிலிருந்தும் விடியற்காலையிலேயே பேருந்து தொடங்கிவிடும். நெல்லையிலிருந்து ரயிலும் உண்டு. சென்னையிலிருந்து வருபவர்கள் முந்தின நாள் சாயங்காலம் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இறங்கலாம். அவர்களுக்கு நடை கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கும், ஆகவே தை மாதமாகப் பார்த்து வருவது நல்லது.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே இரண்டு வகை வண்டி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி, நாகர்கோவில் பக்கம் போகும் புறநகர்ப் பேருந்துகள் ஒன்று. பக்கத்து ஊர்களுக்குள் நுழைந்து நுழைந்து போகும் நகரப் பேருந்துகள் இன்னொன்று. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லையென்றாலும் சீட்டு கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: விலக்கு. முதன்மைச் சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்துக்கு நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அதுதான் பெயர். தூரம் போகும் வண்டிகள் பெரும்பாலும் உங்களை விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும், ஊருக்குள் நடக்க வேண்டியதுதான். ஏறும்போதே "ஊருக்குள்ள போகுமா, விலக்குலயா?" என்று கேளுங்கள். ஒரு முறை நான் கேட்காமல், திரும்பும்போது ஊருக்குள் வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். வண்டி விலக்கோடு போய்விட்டது. அது போன பிறகு, நான் நின்றதை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "அந்த வண்டி இங்க வராதே" என்றார். கேட்காமல் சொல்ல மாட்டார்கள், கேட்டால் வழி மட்டுமல்ல, வரலாறே சொல்வார்கள்.

போகும்போது இடது பக்கச் சன்னல். கடல் அந்தப் பக்கம்தான். தொடர்ந்து தெரியாது, பனை, உடைமரம், உப்பேறிய வெட்டவெளி, நடுநடுவே ஒரு நீலக் கோடு.

குலசையில் அரை மணி நேரம்

திருச்செந்தூரிலிருந்து சுமார் 13 கி.மீ.யில் குலசேகரப்பட்டினம். காலை ஆறு மணி வண்டியைப் பிடித்திருந்தால் இங்கே இறங்கி முத்தாரம்மனைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போகலாம். ஆறரைக்கு மேல் ஆகிவிட்டால் இறங்காதீர்கள், மணப்பாட்டின் காலை வெளிச்சம் போய்விடும். இந்த வட்டாரத்தில்தான் இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். கட்டுமானம் நடக்கும் பகுதிகளில் வேலியோ அறிவிப்புப் பலகையோ கண்டால் வாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள், படம் எடுக்க வேண்டாம். கடற்கரை எல்லாருக்கும் பொது என்ற பேச்சைக் காவலாளியிடம் பேசிப் பயனில்லை. திருச்செந்தூரிலிருந்து கரையோரமாகவே குலசை வரை நடந்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: நடுவில் கல்லாமொழியில் அனல்மின் நிலைய வேலைகள். அந்தத் துண்டைப் பேருந்தில் கடப்பதுதான் புத்தி.

மணப்பாட்டில் நடை

திருச்செந்தூரிலிருந்து 18 கி.மீ. அளவில் மணப்பாடு. ஊர் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மூக்கு மணல்மேடுதான்; காலப்போக்கில் இறுகிக் கல்லானது. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். புயலில் சிக்கிப் பிழைத்த போர்த்துக்கீசியக் கப்பல்காரர் ஒருவர், கப்பலின் பாய்மரத்தில் சிலுவை செய்து 1540-இல் இங்கே நட்டார் என்பது ஊர் வழக்கு. 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். ஆலயம் 1581-இல் எழுந்தது.

ஆனால் நடையை மேட்டிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ஊரைக் கடந்து வடக்குப் பக்கம் இறங்குங்கள். அங்கே கடல் வளைந்து குடாபோல அடங்கியிருக்கும். படகுகள் காலை மீன்பிடிப்பை முடித்துக் கரையேறும் நேரம் அது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கருமேனியாற்றின் உப்பங்கழி, நடுவே நீண்ட மணல் திட்டு. மணப்பாட்டைப் பற்றி நான் வாய் ஓயாமல் பேசுவதற்கு இந்தத் திட்டுதான் காரணம். காலை ஏழு மணிக்குக் கழியின் பக்கம் கண்ணாடிபோல அசையாமல் கிடக்கும், கடலின் பக்கம் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும். கழியோரம் கொக்கும் நாரையும் நிற்கும். நீங்கள் இரண்டுக்கும் நடுவில்.

நடக்கும் முறைக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். அலை வந்து பின்வாங்கிய ஈர மணலில் நடங்கள், அங்கேதான் தரை கெட்டி. உலர்ந்த மணலில் ஒரு கிலோமீட்டர் என்பது சாலையில் இரண்டுக்குச் சமம். கரை எப்போதும் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலும் விழும்; ஒரே திசையில் வெகுதூரம் போனால் முழங்கால் வலிக்கும். போன வழியே திரும்பினால் அது சரியாகிவிடும். போன வழியே திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்த்த கரையில் திரும்பும்போது எங்கே சேறு, எங்கே நாய், எங்கே நிழல் என்று உங்களுக்குத் தெரியும். தனியாக வருகிறவருக்கு அது பெரிய பலம். காற்று அடித்தால், போகும்போது எதிர்க்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது அது முதுகில் தள்ளட்டும்.

ஈர மணலில் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனால் அதிகம். முக்கால் மணி நேரம் போய்த் திரும்புங்கள். இலக்கு என்று ஒன்றும் வைக்காதீர்கள்.

கழிமுகம் வந்தால் நில்லுங்கள். ஆறு கடலில் கலக்கும் வாய் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. மழை பெய்து ஆறு வந்தால் மணலை உடைத்துக்கொண்டு ஓடும், கோடையில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். முழங்கால் அளவுதானே என்று இறங்குகிறவர்களை இழுப்பது ஆழம் அல்ல, ஓட்டமும் காலடியில் கரையும் மணலும்தான். திரும்பி வருவதில் ஒரு வெட்கமும் இல்லை.

திரும்பி வந்து, பசி எடுத்தால் ஊருக்குள் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, அப்புறம் மேட்டில் ஏறுங்கள். ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், தலையில் முக்காடு கட்டாயம் இல்லை, அமைதி கட்டாயம். மேட்டின் கடலோரச் சரிவில் சவேரியார் தங்கிய குகை என்று மக்கள் வணங்கும் இடம் இருக்கிறது. உள்ளே ஒரு சின்னக் கிணறு. கடலுக்கு இத்தனை அருகில் குடிக்கும் தண்ணீர். திருச்செந்தூர் நாழிக்கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இந்த வியப்பு புதிதில்லை. குகைப் பக்கம் பாறை வழுக்கும், அலையும் முரட்டுத்தனமாக அடிக்கும். பிடிமானம் இல்லாத பாறையில் படத்துக்காக நிற்காதீர்கள்.

கீழே ஊருக்குள் கொழும்பு வணிகம் செழித்த காலத்துப் பெரிய வீடுகள் சில நிற்கின்றன. தூண் வைத்த திண்ணைகள், உயரமான கதவுகள். தெருவிலிருந்து பார்க்கலாம். அவை ஆட்கள் வாழும் வீடுகள் என்பதால் சன்னலுக்குள் கைப்பேசியை நீட்ட வேண்டாம். பனை ஓலைக் கூடைகள் பின்னுகிறவர்கள் இந்த ஊரில் உண்டு. வாங்க நினைத்தால் சின்னதாக ஒன்று வாங்குங்கள், பேருந்தில் நசுங்காத அளவில்.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை

இந்தப் பகுதியில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆகவே நீர் ஏறி வழியை அடைத்துவிடும் என்ற பயம் அவ்வளவு வேண்டாம். பயப்பட வேண்டியது கள்ளக்கடலுக்கு. எங்கோ தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தெற்கே அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையேறும். சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படிப்பட்ட அலையில் இறந்து போனார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது; செய்திகளிலும் வரும். கிளம்புவதற்கு முந்தின இரவு பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் ஆலயத்தோடும் தெருக்களோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும், தனியாக வந்திருக்கும்போது கணுக்காலுக்கு மேல் நனைய வேண்டாம். குளிக்க ஆசை வந்தால் ஆட்களோடு வரும் இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் வலை சரிசெய்துகொண்டிருக்கும் யாரிடமாவது "அண்ணாச்சி, இன்னைக்குக் கடல் எப்படி?" என்று கேளுங்கள். அவர் தலையாட்டும் விதத்திலேயே தெரிந்துவிடும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, கடலோரக் காவலுக்கு 1093.

கரையில் நடந்துகொள்வது

கடற்கரை நமக்குப் பொழுதுபோக்கு, அவர்களுக்குப் பட்டறை. விரித்துக் காயும் வலையை மிதிக்காதீர்கள், தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். படகு இழுக்கும் கயிற்றுக்குக் குறுக்கே நிற்காதீர்கள். மீன் ஏலம் நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம், படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். பெரும்பாலும் "எடுங்க" என்பார்கள், மீனைத் தூக்கியும் காட்டுவார்கள்.

யாரும் எழுதாத விஷயம் ஒன்று. ஊரை ஒட்டிய கரையில் சில இடங்களைக் காலையில் மக்கள் காலைக்கடனுக்குப் பயன்படுத்துவதுண்டு. அப்படிப்பட்ட இடத்தைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கமாகப் போய்விடுங்கள்.

பெண்களுக்கு இதே விஷயத்தின் மறுபக்கம்: திருச்செந்தூரில் கட்டணக் கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். அடுத்து நம்பிக்கையான இடம் ஆலய வளாகம், பக்தர்களுக்காக வைத்திருப்பதைக் கேட்டால் காட்டுவார்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பதுதான் நம்மில் பலர் செய்வது. நானும் செய்து, தலைவலியோடு திரும்பியிருக்கிறேன். குடியுங்கள்.

தனியாக நடக்கும்போது இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். யாராவது பின்தொடர்வது போலத் தோன்றினால் கரையை விட்டு ஊர்ப் பக்கம் ஏறி, பெண்கள் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் போய்த் தண்ணீர் கேளுங்கள். கொடுத்துவிட்டு, யாரு வீட்டுக்கு வந்திருக்கீய என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி அப்போது எவ்வளவு இதமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மத்தியானமும் உவரியும்

பத்தரைக்கு மேல் வெயிலுக்குப் பேருந்துதான் சரி. களைப்பு என்றால் நேரே திருச்செந்தூர் திரும்பிவிடுங்கள். தெம்பு இருந்தால் விலக்கில் நின்று தெற்கே போகும் வண்டியில் உவரிக்குப் போகலாம். திருச்செந்தூரிலிருந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 40 கி.மீ. அங்கே அந்தோணியார் ஆலயம், கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா ஆலயம், கடலோரச் சுயம்புலிங்க சுவாமி கோயில். மூன்றும் மூன்று விதக் கூட்டம். அங்கே இரண்டாவது நடை வேண்டாம்; நிழலில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள், போதும்.

வழியில் பங்குனி முதல் ஆனி வரை சாலையோரம் பதநீர் விற்பார்கள். ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைப் போட்டுத் தந்தால் காசைப் பார்க்காமல் குடியுங்கள். காலையில் இறக்கியதாக இருக்கட்டும். மத்தியானத்துக்கு மேல் என்றால் புளிப்பு ஏறியிருக்கும். உடன்குடிக் கருப்பட்டி வாங்குவதானால் திருச்செந்தூர் கோயில் வாசலில் வாங்காதீர்கள். உடன்குடி வழியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் அங்கேயே இறங்கி வாங்கலாம். சீனி கலந்தது நிறைய விற்கிறது, விலை மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உவரிக்குப் போனால் மூன்று மணிக்கு மேல் அங்கே இருக்காதீர்கள். மாலையில் பள்ளி விட்டு, வேலை விட்டு வண்டிகள் நிரம்பிவிடும். நின்றுகொண்டே நாற்பது கிலோமீட்டர் வர நடந்த காலுக்குப் பொறுமை இருக்காது. திரும்பும்போது வலது பக்கச் சன்னல்.

ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றித் தட்டுங்கள். பையின் அடியையும். நான் தட்டாமல் ஏறிய ஒரு நாள், நடத்துநர் என் இருக்கைக்குக் கீழே பார்த்துவிட்டு, "கடலை அங்கேயே விட்டுட்டு வரக் கூடாதாம்மா?" என்றார்.